இன்ஜெக்டர் ஃப்ளோ டெஸ்ட்: மேப்பில் கை வைப்பதற்கு முன்னால்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய 1.3 லிட்டர் எஸ்டீம் வைத்திருக்கிறார். கேம்ஷாஃப்ட் மாற்றி, தனி ஈசியூ (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) போட்டு, யாரோ கழற்றி விற்ற, நிமிடத்துக்கு 360 சி.சி. பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் நான்கை வாங்கி மாட்டியிருக்கிறார். ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கியதும் ஐட்லிங் ஏறி இறங்குகிறது. மூன்றாவது சிலிண்டர் பிளக் மட்டும் வெள்ளையாக வருகிறது. ஆனால் முழு ஆக்சிலேட்டரில், புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் விகிதம் சொல்லும் வைட்பேண்ட் மீட்டர் 12.8 என்று ஒழுங்காகவே காட்டுகிறது. டியூனர் மேப்பை, அதாவது எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்று ஈசியூவுக்குச் சொல்லும் பட்டியலை, மூன்று முறை திருத்தியும் தீரவில்லை. "இன்ஜெக்டரை ஃப்ளோ டெஸ்ட் செய்வதில் பிரயோஜனம் உண்டா, கழுவி மாட்டினால் போதாதா? டெஸ்ட் என்றால் கடைக்காரரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?" என்பது அவர் கேள்வி.

தம்பி, பிரயோஜனம் உண்டு. இன்ஜெக்டர்களைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் மாட்டி ஒவ்வொன்றும் எவ்வளவு விடுகிறது என்று அளப்பதுதான் ஃப்ளோ டெஸ்ட், உங்கள் வண்டிக்கு அது கட்டாயம் தேவை. மேப்பில் இனி ஒரு கட்டத்தைக்கூட இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தால் கோளாறு மேப்பில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த மேப் எந்த எண்களை நம்பிக் கட்டப்பட்டதோ, அந்த எண்களில்தான் சந்தேகம்.

ஈசியூ பெட்ரோலை அளப்பதில்லை, நேரத்தை மட்டும்தான் அளக்கிறது. "இத்தனை மில்லி செகண்டு திற" என்று இன்ஜெக்டருக்குச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் இவ்வளவு பெட்ரோல் போயிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்குக்கு அடிப்படை நீங்கள் டைப் செய்து கொடுத்த 360 என்ற எண்ணும், பின்னால் நான் விளக்கப்போகும் டெட் டைம் என்ற இன்னொரு எண்ணும். நான்கு இன்ஜெக்டரும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கின்றன என்பதும் அதன் நம்பிக்கை. கம்பெனி வண்டியில் புது இன்ஜெக்டர் இருக்கும்போது அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்க்காது. எத்தனை வருடம் எந்த வண்டியில் ஓடியது என்றே தெரியாத நான்கு பழைய இன்ஜெக்டர்களை வைத்துக்கொண்டு அப்படி நம்ப முடியாது.

வைட்பேண்ட் சரியாகக் காட்டுகிறதே என்பீர்கள். அந்த சென்சார் நான்கு சிலிண்டர் புகையும் ஒன்றாகச் சேரும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது சொல்வது சராசரி. மூன்று இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 360 சி.சி. விட, நான்காவது 10 சதவீதம் குறைந்து 324 விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 351. மீட்டரில் லேசாக லீன் (பெட்ரோல் குறைவு) தெரியும். டியூனர் மேப்பில் எல்லாவற்றுக்கும் இரண்டரை சதவீதம் ஏற்றுவார், மீட்டர் சரியாகிவிடும். உள்ளே என்ன நடந்திருக்கிறது? மூன்று சிலிண்டர் தேவைக்கு மேல் இரண்டரை சதவீதம் ரிச். நான்காவது இன்னமும் ஏழரை சதவீதத்துக்கு மேல் லீன். மீட்டரில் எண் அழகாக இருக்கும், ஒரு பிஸ்டன் மட்டும் வெந்துகொண்டிருக்கும். உங்கள் மூன்றாவது பிளக் வெள்ளையாக இருப்பது இதற்கு ஒத்துப்போகிறது.

நான் இதை ஒரு என்ஜினை இழந்துதான் கற்றுக்கொண்டேன். 2014-ல் ஒரு 1.6 லிட்டர் என்ஜினுக்கு டர்போ போட்டு, புதுச்சேரியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கு எடுத்துப் போனோம். மீட்டர் முழு லோடில் 11.8 காட்டியது. டர்போவுக்குப் பாதுகாப்பான எண் என்று நிம்மதியாக இருந்தேன். ஏழாவது சுற்றில் நாக்கிங் சத்தம் கேட்டது, அடுத்த சுற்றில் வெள்ளைப் புகை. பிரித்துப் பார்த்தபோது நான்காவது பிஸ்டனின் விளிம்பு உருகியிருந்தது. அந்த சிலிண்டர் இன்ஜெக்டரின் தலையில் இருக்கும் சின்ன வடிகட்டியில், டேங்கை வெல்டு செய்தபோது உதிர்ந்த பொடி பாதிக்கு மேல் அடைத்திருந்தது. வண்டிக்காரர் எங்களை நம்பிக் கொடுத்த என்ஜின் அது. மாட்டுவதற்கு முன் அந்த நான்கையும் பெஞ்சில் வைத்து அரை மணி நேரம் ஓட விட்டிருந்தால் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் இன்ஜெக்டர் ரிப்போர்ட் இல்லாமல் எந்த வண்டியையும் டியூனுக்கு எடுப்பதில்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். பெஞ்சுக்குப் போகும் முன் காசு செலவில்லாத ஒரு சோதனை செய்யுங்கள். மூன்றாவது இன்ஜெக்டரையும் ஒன்றாவதையும் இடம் மாற்றி மாட்டுங்கள். பழைய பிளக்குகளை எடுத்துவிட்டு நான்கும் புதிதாகப் போட்டு, கடலூரிலிருந்து தவளக்குப்பம் வரை ஒருமுறை நன்றாக இழுத்து ஓட்டி வாருங்கள். திரும்பியதும் பிளக்கைப் பாருங்கள். வெளுப்பு ஒன்றாவது சிலிண்டருக்கு நகர்ந்திருந்தால் குற்றவாளி இன்ஜெக்டர்தான். வெளுப்பு மூன்றிலேயே நின்றால் இன்ஜெக்டரைக் குறை சொல்லாதீர்கள். இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்று இழுக்கிறதா, மூன்றாவது இன்ஜெக்டர் உட்காரும் கீழ் ஓ-ரிங் நசுங்கியிருக்கிறதா, வால்வு உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். கேம் மாற்றும்போது வால்வு கிளியரன்ஸ் தப்பாக வைத்து இப்படி ஆன வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். மல்டிமீட்டரில் நான்கு இன்ஜெக்டர் காயிலையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 12 முதல் 16 ஓம்ஸுக்குள் இருந்தால் ஹை இம்பீடன்ஸ், அதாவது தடை அதிகமான ரகம். 2, 3 ஓம்ஸ் வந்தால் லோ இம்பீடன்ஸ். அதைச் சாதாரண டிரைவர் (இன்ஜெக்டருக்குக் கரன்ட் விடும் சர்க்யூட்) உள்ள ஈசியூவிலோ டெஸ்ட் மெஷினிலோ நேராக மாட்டினால் ஐந்து ஆம்பியருக்குப் பக்கமாகவோ அதற்கு மேலோ இழுத்து காயிலையும் டிரைவரையும் எரித்துவிடும். கழற்றி விற்கும் பெரிய இன்ஜெக்டர்களில் லோ இம்பீடன்ஸ் நிறைய வருகின்றன, அதனால் இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, 360 சி.சி. உங்களுக்குத் தேவைதானா? கேம் மாற்றிய அந்த என்ஜின் 100 குதிரைத்திறன் கொடுக்கும் என்று தாராளமாகவே வைப்போம். டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல் என்பது டியூனர்கள் வைக்கும் கணக்கு. மொத்தம் 50 பவுண்டு, நான்காகப் பிரித்தால் பன்னிரண்டரை. இன்ஜெக்டரை 80 சதவீதம் டியூட்டி சைக்கிளுக்கு (மொத்த நேரத்தில் திறந்திருக்கும் பங்குக்கு) மேல் ஓட்டக் கூடாது என்பதால் அதை 0.8-ஆல் வகுத்தால் 15.6 பவுண்டு வருகிறது. ஒரு பவுண்டுக்குப் பத்தரை சி.சி. என்று பெருக்கினால் நிமிடத்துக்கு 164 சி.சி. ஆக 200 சி.சி. இன்ஜெக்டர் உங்களுக்குப் போதும். நீங்கள் போட்டிருப்பது தேவையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பின்னால் டர்போ போடுகிற யோசனை இருந்தால் சரி. இல்லையென்றால் இந்தப் பெரிய சைஸே உங்கள் ஐட்லிங் தொல்லையைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அது எப்படி என்பதற்கு டெட் டைம் புரிய வேண்டும். பொறுமையாகப் படியுங்கள், இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

இன்ஜெக்டருக்குள் ஒரு காயில், ஒரு ஸ்பிரிங், ஒரு ஊசி அல்லது தட்டு. கரன்ட் வந்தவுடன் அது திறந்துவிடாது. காயிலில் காந்தம் ஏறி, ஸ்பிரிங்கையும் பெட்ரோல் அழுத்தத்தையும் வென்று ஊசியைத் தூக்க நேரம் பிடிக்கும். கரன்ட் நின்ற பிறகும் உடனே மூடாது, கொஞ்சம் தாமதிக்கும். திறக்க ஆன தாமதத்திலிருந்து மூட ஆன தாமதத்தைக் கழித்தால் மிஞ்சுவது டெட் டைம். அந்த நேரத்துக்கு ஈசியூ சிக்னல் கொடுத்தும் பெட்ரோல் வராது. 14 வோல்ட்டில் பல இன்ஜெக்டர்களுக்கு இது சுமார் ஒரு மில்லி செகண்டு.

உங்கள் என்ஜின் 850 ஆர்.பி.எம். ஐட்லிங்கில் மணிக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல், 0.9 லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 15 சி.சி., ஒரு சிலிண்டருக்கு 3.75. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பீய்ச்சுவதால் நிமிடத்துக்கு 425 முறை. ஒரு முறைக்கு 0.0088 சி.சி. 360 சி.சி. இன்ஜெக்டர் ஒரு மில்லி செகண்டில் 0.006 சி.சி. விடும். ஆகவே உண்மையில் திறந்திருக்க வேண்டிய நேரம் சுமார் ஒன்றரை மில்லி செகண்டுதான். டெட் டைம் 0.9 என்றால் ஈசியூ மொத்தம் 2.4 கொடுக்கும்.

இப்போது மூன்று இன்ஜெக்டருக்கு டெட் டைம் 0.9, ஒன்றுக்கு மட்டும் 1.1 என்றிருக்கட்டும். வித்தியாசம் வெறும் 0.2. ஐட்லிங்கில் மற்றவை 1.5 மில்லி செகண்டு திறக்க, அது 1.3 மட்டுமே திறக்கும். பதின்மூன்று சதவீதம் குறைவு! அந்த சிலிண்டர் லீனாகி மிஸ் அடிக்கும், என்ஜின் ஆடும். அதே இன்ஜெக்டர் முழு லோடில், 6500 ஆர்.பி.எம்.மில் ஏழு மில்லி செகண்டுக்குப் பக்கமாகத் திறந்திருக்கும்போது அதே 0.2 வெறும் மூன்று சதவீதம்தான். 180 சி.சி. இன்ஜெக்டராக இருந்திருந்தால் ஐட்லிங்கில் மூன்று மில்லி செகண்டு திறந்திருக்கும், இந்தக் குறை ஏழு சதவீதத்துக்குள் அடங்கியிருக்கும். பெரிய இன்ஜெக்டர் போட்ட பல வண்டிகள் ரோட்டில் பறக்கும், சிக்னலில் நின்றால் குலுங்கும். அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஃபேன் ஓடினால் ஐட்லிங் ஏன் ஏறி இறங்குகிறது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. டெட் டைம் வோல்டேஜைப் பொறுத்தது. வோல்டேஜ் குறைந்தால் காயில் சோம்பேறியாகிவிடும், டெட் டைம் கூடும். ஃபேன் ஓடத் தொடங்கியதும் 14.1-ல் இருந்த வோல்டேஜ் 12.6-க்கு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெட் டைம் கால் மில்லி செகண்டு கூடினால் ஒன்றரையில் கால் போச்சு, ஆறில் ஒரு பங்கு பெட்ரோல் குறைகிறது. ஆர்.பி.எம். விழுகிறது. ஆல்டர்னேட்டர் சமாளித்து வோல்டேஜ் ஏறியதும் பெட்ரோல் கூடுகிறது, ஆர்.பி.எம். எழுகிறது. ஈசியூவில் இதற்கென்று வோல்டேஜ் வாரியாக ஒரு டெட் டைம் பட்டியல் இருக்கும். உங்கள் டியூனர் அதில் எல்லா வோல்டேஜுக்கும் ஒரே எண்ணைப் போட்டிருப்பார், அல்லது ஈசியூவோடு வந்த எண்களை அப்படியே விட்டிருப்பார். அதைத் தொடாமல் மேப்பின் ஐட்லிங் கட்டங்களை எத்தனை தடவை மாற்றினாலும் ஃபேன் ஓடாதபோது ஒரு மாதிரியும் ஓடும்போது வேறு மாதிரியும்தான் இருக்கும்.

ஆகவே பெஞ்சில் எதைக் கேட்டு வாங்குவது? நம் பக்கத்துக் கடைகளில் பொதுவாக நடப்பது என்னவென்றால், இன்ஜெக்டர்களை அல்ட்ராசானிக் தொட்டியில் போட்டுக் கழுவுவார்கள், மெஷினில் மாட்டி மூன்று பார் அழுத்தத்தில் முழுதாகத் திறந்து 15 விநாடி ஓட விடுவார்கள், கண்ணாடிக் குழாய்களில் அளவு சமமாக நிற்பதை போட்டோ எடுத்துக் கொடுப்பார்கள். இது ஸ்டாட்டிக் டெஸ்ட். அவசியம்தான், 360 சி.சி. இன்ஜெக்டர் என்றால் 15 விநாடியில் 90 மில்லி வர வேண்டும். ஆனால் அது பாதி வேலை. முழுதாகத் திறந்து வைத்த கதவில் எவ்வளவு போகிறது என்றுதான் அது சொல்கிறது. கதவு எவ்வளவு சுறுசுறுப்பாகத் திறந்து மூடுகிறது என்று சொல்லாது. மேலே சொன்ன 0.2 மில்லி செகண்டு வித்தியாசம் ஸ்டாட்டிக் டெஸ்டில் கண்ணுக்கே தெரியாது.

அதனால் இன்ஜெக்டரை விட்டு விட்டுத் திறந்து மூடி அளக்கும் பல்ஸ் டெஸ்ட் கேளுங்கள், அதுவும் குறைந்தது இரண்டு நீளத்தில். 3 மில்லி செகண்டில் 1000 பல்ஸ், 6 மில்லி செகண்டில் 1000 பல்ஸ். இந்த இரண்டு அளவும் கையில் இருந்தால் மீதியை நீங்களே கணக்குப் போடலாம். ஒரு இன்ஜெக்டர் முதலாவதில் 12.6 சி.சி., இரண்டாவதில் 30.6 சி.சி. விட்டது என்று வைப்போம். வித்தியாசம் 18. அது மூன்று மில்லி செகண்டுக்கு உரியது, ஆகவே ஆயிரம் பல்ஸுக்கும் சேர்த்து ஒரு மில்லி செகண்டுக்கு 6. நிமிடக் கணக்கில் அதுதான் 360. இனி 12.6-ஐ 6-ஆல் வகுத்தால் 2.1. மூன்று மில்லி செகண்டு சிக்னலில் 2.1 மட்டும் உண்மையில் திறந்திருந்தது, மிச்சம் 0.9 டெட் டைம். இன்னொரு இன்ஜெக்டர் 11.1-ம் 28.7-ம் கொடுத்தால்? அதன் ஓட்டம் 352, இரண்டு சதவீதம்தான் குறைவு. ஆனால் டெட் டைம் 1.1. ஸ்டாட்டிக்கில் "எல்லாம் சமம்" என்று பாஸ் ஆகியிருக்கும் இன்ஜெக்டர் அது. உங்கள் மூன்றாவது இப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

இந்த இரண்டோடு, ஐட்லிங்கில் உங்கள் ஈசியூ கொடுக்கும் அதே 2.4 மில்லி செகண்டிலும் ஒரு ஓட்டம் வையுங்கள். ரொம்பச் சின்ன பல்ஸில் இந்த நேர்கோட்டுக் கணக்கு வளைந்துவிடும், நேராகப் பார்த்துவிடுவது நல்லது. அளவு குறைவாக வருவதால் 2000 பல்ஸ் விடச் சொல்லுங்கள். குழாயில் கோடு பார்த்து அளப்பதைவிட எடை போடுவது துல்லியம். ஒரு கிராமின் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு இப்போது எளிதாகக் கிடைக்கிறது, நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். மெஷினில் வரும் டெட் டைம் அந்த மெஷினின் டிரைவருக்கும் அதன் வோல்டேஜுக்கும் உரியது. நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். ஈசியூ பட்டியலில் போட வேண்டிய எண் வேண்டுமென்றால், உங்கள் ஈசியூவையே பெஞ்சுக்குக் கொண்டு போங்கள். தனி ஈசியூக்கள் பலவற்றில் இன்ஜெக்டரை மட்டும் துடிக்க விடும் டெஸ்ட் மோடு இருக்கிறது. வோல்டேஜை மாற்றக்கூடிய பவர் சப்ளை ஒன்றிலிருந்து ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் மின்சாரம் கொடுத்து, 10, 12, 13, 14 வோல்ட் என்று நான்கு இடத்திலும் 3, 6 மில்லி செகண்டு சோதனையை ஓட்டுங்கள். ஒரு மதியம் முழுக்கப் போகும். ஆனால் அதன் பிறகு உங்கள் கையில் இருப்பது உங்கள் இன்ஜெக்டரின் சொந்த ஜாதகம். ஈசியூ சாஃப்ட்வேரோடு வந்த எண்களைவிட அது நூறு மடங்கு மதிப்புள்ளது.

பெஞ்சில் தயவுசெய்து பெட்ரோல் ஊற்றி ஓட்டாதீர்கள். மூன்று பார் அழுத்தத்தில் பூப்போல உடைந்து வரும் பெட்ரோல் புகைக்கு ஒரு சின்ன ஸ்பார்க் போதும், பட்டறையே போய்விடும். அதற்கென்று டெஸ்ட் ஆயில் இருக்கிறது, பெட்ரோலைப் போல எளிதில் தீப்பிடிக்காதது. ஆனால் அதன் அடர்த்தி பெட்ரோலிலிருந்து மாறும். ஓட்டம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். டெஸ்ட் ஆயில் 0.77, பெட்ரோல் 0.74 என்றால் பெட்ரோல் இரண்டு சதவீதம் கூடுதலாகப் போகும். ரிப்போர்ட்டில் 353 என்று வந்தால் பயப்பட வேண்டாம், பெட்ரோலில் அது 360. ஆயில் சூடேறினாலும் அளவு மாறும், அதனால் சித்திரை, வைகாசி வெயிலில் முதல் பத்து நிமிட ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். காயிலும் அப்படித்தான். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் கூடும். பெஞ்சில் 30 டிகிரியில் 14 ஓம்ஸ் காட்டுவது, பானட்டுக்குள் 80 டிகிரியில் பதினாறரையைத் தாண்டும். மதியம் ட்ராஃபிக்கில் நின்றால் மட்டும் ஐட்லிங் குலையும் வண்டிகளில் இதையும் நினைவில் வையுங்கள்.

அழுத்தத்தையும் பாருங்கள். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு மாறும். மூன்று பாரில் 360 விடுவது நான்கு பாரில் 415-க்கு மேல் விடும். உங்கள் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயில்) ஒரு கேஜ் மாட்டி உண்மையில் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, பெஞ்சிலும் அதே அழுத்தம் வைக்கச் சொல்லுங்கள். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் மேனிஃபோல்டு வேக்குவம் ஹோஸ் வருகிறதா, அது வெடித்திருக்கிறதா என்பதும் முக்கியம். ஹோஸ் இல்லாத சிஸ்டம் என்றால் ஐட்லிங்கில் மேனிஃபோல்டு உறிஞ்சுவதால் இன்ஜெக்டரின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் மூன்று பாரைத் தாண்டி மூன்றரைக்கு மேல் போகும், பத்து சதவீதம் பெட்ரோல் கூடும். ஈசியூவுக்கு அதைச் சொல்லியாக வேண்டும்.

லீக் டெஸ்டும் ஸ்ப்ரே பார்ப்பதும் கடைக்காரர்கள் தானாகவே செய்வார்கள். மூடிய நிலையில் அழுத்தம் கொடுத்து ஒரு நிமிடம் பார்க்கும்போது நுனியில் சொட்டு திரண்டு விழக் கூடாது. ஸ்ப்ரே கூம்பாக விரிய வேண்டும், ஒற்றைக் கம்பியாக நீளக் கூடாது. இரட்டை ஸ்ப்ரே இன்ஜெக்டர் என்றால் திரும்ப மாட்டும்போது இரண்டு கிளையும் இரண்டு இன்டேக் வால்வைப் பார்க்கும்படி திசை வைக்க வேண்டும். அவ்வளவுதான், இதில் பெரிய சூட்சுமம் இல்லை.

கழுவுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கழுவ வேண்டும், ஆனால் கழுவுவதற்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் அளக்கச் சொல்லுங்கள். முன்னால் அளக்காமல் கழுவினால் அழுக்கினால் குறைந்ததா, தேய்மானத்தால் குறைந்ததா என்று கடைசி வரை தெரியாது. அழுக்கு என்றால் கழுவியதும் ஏறிவிடும். கழுவியும் ஏறாதது தேய்ந்த இன்ஜெக்டர், அதற்கு மருந்து இல்லை, மாற்றத்தான் வேண்டும். தொட்டியில் சும்மா ஊற வைப்பதில் பலன் குறைவு. ஊறும்போதே இன்ஜெக்டர் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். தலையில் இருக்கும் சின்ன வடிகட்டியைக் கழற்றிப் புதிது போடச் சொல்லுங்கள். ஓ-ரிங்குகள் வைட்டான் ரகமாக இருக்கட்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது இ20 (இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்), சாதாரண நைட்ரைல் ரப்பர் எத்தனாலில் ஊதிவிடும். தின்னரில் ஊற வைக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. காயிலைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அது தின்றுவிடும், விடாதீர்கள். முதுநகரில் படகு, லாரி டீசல் பம்ப் பார்க்கும் பட்டறைக்கு இதை எடுத்துப் போகாதீர்கள். அவர்கள் பெஞ்ச் நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்துக்கு உரியது, வேலை நன்றாகத் தெரிந்தவர்கள்தான், ஆனால் உங்கள் இன்ஜெக்டருக்கு அது இடமில்லை.

நம் கடற்கரை ஊர்களுக்கென்று இரண்டு தொல்லை உண்டு. ஒன்று உப்புக் காற்று. இன்ஜெக்டர் கனெக்டருக்குள் பச்சை பூத்திருந்தால் அந்த ஒரு இன்ஜெக்டருக்கு மட்டும் வோல்டேஜ் குறைவாகப் போகும், டெட் டைம் கூடும், பெஞ்சில் மட்டும் அது நன்றாக இருக்கும். பெஞ்சில் நான்கும் சமமாக வந்து, வண்டியில் மட்டும் கோளாறு என்றால் முதலில் அந்தப் பின்களைப் பாருங்கள். இரண்டாவது மழைத் தண்ணீர். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஊரே தண்ணீரில் நின்றது. அடுத்த இரண்டு மாதம் எங்களிடம் வந்த வண்டிகளில் பலவற்றின் டேங்கில் தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். இன்ஜெக்டருக்குள் துருப் பொட்டுகள் விழுந்து, ஸ்டாட்டிக் சரியாக இருந்தும் மூடும்போது ஒட்டிக்கொண்டு சொட்டிய இன்ஜெக்டர்களை அப்போது நிறையப் பார்த்தேன். நீங்கள் வாங்கியவை எங்கிருந்து வந்தன என்று தெரியாததால் சொல்கிறேன்.

இ20 பற்றி ஒரு வார்த்தை. சுத்தப் பெட்ரோலுக்குச் சரிவிகிதம் 14.7 என்றால் இ20-க்கு சுமார் 13.5. உங்கள் மீட்டர் 12.8 என்று காட்டுவது பெட்ரோல் கணக்கு, லாம்ப்டாவில், அதாவது சரிவிகிதத்தை 1 என்று வைத்தால், அது 0.87. இனி லாம்ப்டாவிலேயே பேசுங்கள், குழப்பம் வராது. முள்ளோடை தாண்டி புதுச்சேரிப் பக்கம் விலை குறைவு என்று பெட்ரோல் போடுகிறவர்கள் நம் ஊரில் அதிகம். போடுங்கள், ஆனால் டியூன் செய்யும் வாரத்தில் ஒரே பங்க்கில் ஒரே டேங்க் பெட்ரோலில் முடித்துவிடுங்கள்.

எண்கள் வந்த பிறகு என்ன செய்வது? என் அனுபவத்தில் ஸ்டாட்டிக்கில் நான்கும் இரண்டு சதவீதத்துக்குள்ளும், ஐட்லிங் பல்ஸில் மூன்று, நான்கு சதவீதத்துக்குள்ளும் இருந்தால் அந்த செட்டை நம்பி டியூன் செய்யலாம். ஒன்று மட்டும் விலகி நின்றால் ஈசியூவில் சிலிண்டர் வாரியாக ட்ரிம் (சதவீதத் திருத்தம்) கொடுத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஓட்டத்தில் குறை என்றால் அது சரி. டெட் டைமில் குறை என்றால் சதவீத ட்ரிம் உதவாது. ஐட்லிங்குக்கு 13 சதவீதம் ஏற்றினால், மூன்று சதவீதம் மட்டுமே குறையுள்ள முழு லோடில் அந்த சிலிண்டர் பத்து சதவீதம் ரிச்சாகிவிடும். அந்த இன்ஜெக்டரை மாற்றுவதுதான் வழி. பழைய சரக்கு வாங்குகிறவர்கள் நான்கு தேவைக்கு ஆறாக வாங்கி, அளந்து ஒத்துப்போகும் நான்கை எடுத்துக்கொள்வது இதனால்தான். இதில் கிடைக்காவிட்டால் டெட் டைம் பட்டியலோடு விற்கப்படும் புது 200 சி.சி. செட்டுக்கு மாறிவிடுங்கள், உங்கள் என்ஜினுக்கு நான் அதையே சொல்வேன்.

பிறகு ஈசியூவில் முதலில் ஓட்டம், அடுத்து வோல்டேஜ் வாரியாக டெட் டைம், இந்த இரண்டையும் அளந்தபடி போடுங்கள். அதற்குப் பிறகு பழைய மேப்பை வைத்துக்கொண்டு ஒட்டுப் போடாதீர்கள். தப்பான எண்களைச் சரிக்கட்ட அதில் மூன்று முறை திருத்தங்கள் ஏறியிருக்கின்றன. கேம் மாற்றிய பிறகு எடுத்த முதல் மேப்பிலிருந்து தொடங்குங்கள். ஐட்லிங்கில் நிறுத்தி ஹெட்லைட், ஃபேன், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டு வோல்டேஜ் விழும்போது லாம்ப்டா அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் டெட் டைம் பட்டியல் சரி. லீன் பக்கம் ஓடினால் குறைந்த வோல்டேஜ் எண்களைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும், ரிச் பக்கம் ஓடினால் இறக்க வேண்டும்.

ஒன்று மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். இன்ஜெக்டர்களைத் திரும்ப மாட்டும்போது ஓ-ரிங்கில் லேசாக என்ஜின் ஆயில் தடவி, முறுக்காமல் நேராக அழுத்தி உட்கார வையுங்கள். ரெயில் போல்ட்டை இறுக்கிய பின், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை போட்டு பம்ப் அழுத்தம் ஏற விடுங்கள். டார்ச் அடித்து நான்கு இன்ஜெக்டரின் மேல் ஓ-ரிங்கைச் சுற்றியும் விரலால் தடவிப் பாருங்கள். நான்கும் காய்ந்திருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள்.